ஆடிக்குப் போனவளின் வழக்கு

கண்டியில் பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். எங்கள் துறையூர்ப் பக்கம் அப்படியொரு பாட்டு தெருமுனையில் கேட்டால் ஐஸ் வண்டி என்று பிள்ளைகள் காசைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். இங்கே மஹய்யாவையில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவில், காலையில் அந்தப் பாட்டைக் கேட்டு ஓடிவருவது வளர்ந்த பெண்கள். ரொட்டியைப் பாண் என்று சொல்லப் பழகிவிட்டேன். இட்லிக்கு மாவரைக்காத காலையில் குற்ற உணர்ச்சி இல்லாமல் இருக்கவும் பழகிவிட்டேன். ஆட்டோவின் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் நிற்போம். மேல்வீட்டு மெனிக்கே அக்கா, எதிர்வீட்டுப் பாத்திமா ராத்தா, நான். மூவரும் வாங்குவது ஒரே பாண், திட்டுவது ஒரே மழையை. ஆனால் கல்யாணத்தை முறித்துக்கொள்ள வேண்டுமென்றால் மூவரும் மூன்று வாசலுக்குப் போகவேண்டும் என்பதை அந்தப் பாண் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் விவாகரத்து வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் சிங்களப் பெண்மணியான மெனிக்கே அக்கா தனக்குத் தெரிந்த தமிழில் தைரியம் சொன்னார். "ஏன் கோட்டுக்குப் போறது? கச்சேரிக்குப் போங்க. ரெண்டு பேரும் விருப்பம் சொன்னா சரி. எங்க தங்கச்சி அப்படித்தான் முடிச்சது." கச்சேரி என்றால் இங்கே மாவட்ட அரசு அலுவலகம். ராத்தா பாணைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "எங்க முஸ்லிம் ஆக்களுக்கு காதி கோடு ஈக்கி. ஒங்களுக்கு என்ன ஈக்கிண்டு தெரியாதே மகள்." எனக்கும் தெரியாது. ஊரில் இருக்கும்போது என் பெரியப்பா மகள், இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, கொஞ்ச காலம் காத்திருந்து, சத்தமில்லாமல் பிரிந்தாள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பாஸ்போர்ட்டோடு சட்டமும் மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லியனுப்பவில்லை.

துறையூர்ப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்து கடை வைத்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்கள் உண்டு. கடை கண்டியில் இருந்தாலும் மருமகள் மட்டும் இன்னும் ஊரிலிருந்துதான் வரவேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். அப்படி வந்தவள் நான். மாமியார் வீடு கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்கு இந்தப் பக்கம். கணவர் சரவணனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு ஹார்ட்வேர் கடை. தை மாதம் கல்யாணம். அவர் கெட்டவர் இல்லை, கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. அம்மா கிழித்த கோட்டைத் தாண்டத் தைரியம் இல்லாமல் தாலி கட்டியவர், அவ்வளவுதான். அதைக் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இரண்டு வீட்டுக்கும் புண்ணியமாகப் போயிருக்கும். வாயைத் திறக்கவில்லை.

முதல் ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மாமியார் இந்த விஷயத்தில் துறையூர்க்காரர்களை விடத் துறையூர்க்காரர். நாமாவது ஊரில் அங்கே இங்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். கடல் தாண்டி வந்தவர்கள் எதையும் விடவில்லை. அப்பா திருச்சியிலிருந்து சீரோடு விமானம் ஏறி வந்தார். அத்தை எனக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, தலை நிறையப் பூ வைத்து, வாசலில் நின்று, "ஆவணி பொறந்ததும் சரவணன் வந்து கூட்டிட்டு வருவான் சம்பந்தி" என்று அப்பாவிடம் சொன்னார். சரவணன்தான் வேனை ஓட்டி எங்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். அப்போது கண்டி பெரஹரா ஊர்வலத் திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. லாரிகளில் யானைகள் வந்துகொண்டிருந்தன, தெரு ஓரங்களில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாடே கண்டிக்கு வரும் மாதத்தில் நான் கண்டியை விட்டுப் போனேன். போய்விட்டுத் திரும்பி வரத்தானே போகிறோம் என்று கண்ணாடி வளையல்களைக்கூட அலுமாரியிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

ஆவணி பிறந்தது. அவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் கடையில் வேலை என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. அப்பா, "அவங்க வந்து அழைக்காம நாம போகக் கூடாதும்மா" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. புரட்டாசியில் நானே டிக்கெட் போட்டு வந்து இறங்கினேன். அத்தை கதவைத் திறந்தார், முன்கூடத்துக் கதிரையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார், ஆனால் என் பெட்டியை உள்ளே எடுத்துவைக்கவில்லை. "அவன் வந்து கூட்டிட்டு வந்தாத்தான்மா மொற. நீயா பெட்டியத் தூக்கிட்டு வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" சரவணன் அதற்குள் கடுகண்ணாவையில் கடைக்கு மேலேயே தங்கப் போயிருந்தார். என் வீட்டிலேயே விருந்தாளியாக ஓர் இரவு படுத்து எழுந்தேன். பிறகு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலையும் மஹய்யாவையில் ஓர் அறையும் தேடிக்கொண்டேன். துறையூருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். என்னவோ, மனம் வரவில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிருந்தது, அவரைப் பிடித்ததைவிட அதிகமாகவே.

பின்பு ஒரு நாள் சரவணனே என்னைத் தேடி வந்தார். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு அம்மாகிட்ட சொல்ல முடியல. ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குவோமா?" என்றார். கல்யாணமாகி அவர் என்னிடம் பேசிய முதல் உண்மையான வார்த்தை அது. சரி என்றேன். அழவில்லை, அழுகையெல்லாம் ஆவணியிலேயே தீர்ந்திருந்தது. மெனிக்கே அக்கா சொன்னபடி இருவரும் கச்சேரிக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தமிழில் கேட்டார்.

"நீங்க உடரட்ட சிங்கள ஆக்களா?"

"இல்லைங்க, தமிழ். ஆனா கல்யாணம் நடந்தது கண்டியிலதான். இவரு பொறந்ததும் இங்கதான். இவங்க தாத்தா காலத்துலருந்தே கண்டிதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "கண்டில பொறந்தாப் பத்தாது அம்மா. அந்தச் சட்டம் மலைநாட்டுச் சிங்கள ஆக்களுக்கு. அவங்க அந்தச் சட்டத்துல கல்யாணம் எழுதினாத்தான் இங்க வெட்டலாம். உங்களுக்குப் பொதுச் சட்டம். மாவட்டக் கோட்டுக்குப் போங்க."

சரவணனின் முகத்தை அப்போது பார்த்தேன். பிறந்து வளர்ந்த ஊரின் பெயரில் இருக்கும் சட்டம் தனக்கு இல்லை என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவர்மேல் ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. நான் வந்தேறி, எனக்கு இல்லையென்றால் நியாயம். அவர் இங்கேயே பிறந்தவர்.

ராத்தா சொல்லி ஒரு சட்டத்தரணியிடம் போனேன். வக்கீலை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நேரில் கூப்பிட 'மிஸ்'. யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். நாங்கள் இருவருமே சம்மதித்துவிட்டோம், இனி நாள் குறிக்க வேண்டியதுதான் என்று பெருமையாகச் சொன்னேன். மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதை மட்டும் கோட்டில சொல்லிப்போடாதேங்கோ. ரெண்டு பேரும் விரும்பிப் பிரியிறம் எண்டால் இஞ்ச விவாகரத்து இல்லை. ஆரோ ஒராள் பிழை விட்டிருக்கோணும்."

எங்களைப் போன்றவர்களுக்குப் பொதுச் சட்டம் வைத்திருக்கும் வாசல்கள் மூன்று. ஒன்று, வேறொருவரோடு தொடர்பு. இன்னொன்று, கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறை. மூன்றாவது, வன்மமாகக் கைவிட்டுப் போவது. அதாவது, திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் குடும்பத்தை விட்டு விலகுவது. முதல் இரண்டும் எங்களுக்குப் பொருந்தாது. எனவே மூன்றாவது. "ஆர் விட்டுட்டுப் போனது? முழு வழக்கும் அந்த ஒரு கேள்விதான்" என்றார் மிஸ். ஒருவர் வழக்குப் போடுவார், மற்றவர் நீதிமன்றத்துக்கு வராமல் இருந்துவிடுவார், ஒருதலையாக விசாரித்துத் தீர்ப்புக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது என்றும் சொன்னார். ஊரில் சட்டம் 'உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்கிறது. இங்கே 'குற்றவாளி யார்' என்று கேட்கிறது. சண்டையில்லாமல் பிரிய வந்தவர்களைச் சட்டமே பிடித்து எதிரெதிரே நிறுத்துகிறது.

இதைச் சரவணனிடம் சொன்னபோது அவர் சிறிதும் யோசிக்கவில்லை. "அப்ப நீ போனதா போட்டுக்கலாம். ஆடிக்குப் போன, அப்புறம் வரல. ஒனக்கென்ன, எப்படியும் ஊருக்குப் போயிருவ. நான் இங்கயே கடை வச்சிருக்கணும்ல?"

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "நான் போகலையே" என்றேன். "போனது நீங்க."

அதற்குப் பிறகு எல்லோரும் எனக்கு நல்லது சொன்னார்கள். அப்பா தினமும் போன் செய்தார். "யாரு விட்டுட்டுப் போனா என்னம்மா, பேப்பர்லதானே எழுதப் போறாங்க. ஒத்துக்கிட்டு வீட்டுக்கு வந்திரு." தம்பியும் அதையே சொன்னான். பள்ளியில் கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும். என் விசாவும் மனைவி என்கிற உறவில் தொங்கிக்கொண்டிருந்தது, பள்ளி வேறு விசாவுக்கு எழுதிக்கொண்டிருந்தது, இந்த நேரத்தில் வம்பு எதற்கு என்றார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பூ வைத்து வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்த பெண்ணை, ஓடிப்போனவள் என்று நாட்டின் முத்திரை குத்தி எழுதிவைப்பார்கள். நான் அதற்குத் தலையாட்ட வேண்டும். முடியாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரவணன் முந்திக்கொண்டு வழக்குப் போட்டார். அழைப்பாணையைக் கொடுக்க வருபவரை இங்கே பிஸ்கல் என்கிறார்கள். அவர் என் தெருவுக்கு வந்து பெயர் சொல்லிக் கேட்டபோது மெனிக்கே அக்கா கூடவே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மிஸ் எனக்காக மறுமொழி போட்டார்: நான் விட்டுப் போகவில்லை, அவர்தான் என்னைக் கைவிட்டார், அந்தக் காரணத்தால் விவாகரத்தை எனக்குத் தாருங்கள். பிறகு தவணைகள். நம் ஊரில் வாய்தா என்போமே, அது. முதல் தவணையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை 'முதலியார்' என்று கூப்பிட்டதைக் கேட்டு, அட நம் பக்கத்து ஆள் போலிருக்கிறது என்று வணக்கம் வைத்தேன். அவர் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் பெரியவர். முதலியார் என்பது பதவியின் பெயர். பதிலுக்கு வணக்கம் வைத்துவிட்டு, இவள் யார் என்று யோசித்துக்கொண்டே போனார்.

விசாரணை நாளில் சரவணன் தன் பக்கச் சாட்சியாக அத்தையைக் கூட்டி வந்திருந்தார். மருமகள் போனாள், வரவில்லை. இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பார். அத்தை அதைச் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். பிறகு மிஸ் எழுந்தார். மிஸ் சிங்களத்தில் கேட்க, முதலியார் அதைத் தமிழில் அத்தையிடம் சொன்னார்.

"உங்கள் மருமகள் உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல், வழியனுப்ப ஆளில்லாமல், தானாக வீட்டை விட்டு வெளியேறினாரா?"

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. "சொல்லிக்காமலா? எங்க வீட்ல அப்படியெல்லாம் நடக்குமாங்க? சம்பந்தி சீரோட வந்து மொறையா அழைச்சாரு. நாந்தான் பட்டுப்பொடவ கொடுத்து, பூ வச்சு, வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சேன். இவன்தான் வேன்ல கொண்டுபோயி ஏர்போர்ட்ல விட்டான். நாங்க ஒண்ணும் மொற தெரியாத ஆளுங்க இல்லீங்க."

சரவணனின் சட்டத்தரணி எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். நீதிபதி ஒரு சிங்களப் பெண்மணி, இந்த ஆடி விவகாரம் அவருக்குப் பிடிபடவில்லை. அது நேர்த்திக்கடனா, யாத்திரையா, அல்லது புருஷனோடு சண்டையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "இல்லீங்க, ஆடி" என்று அத்தை ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல. கடைசியில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், வெயிலில் தாயும் பிள்ளையும் தவித்துப்போகும் என்று சொன்னார். முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அதை மொழிபெயர்த்தார். நீதிபதி தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் எழுதுவதுபோல இருந்தார். பிறகு, "ஆனால் கண்டியில் அப்படியொன்றும் வெயில் இல்லையே" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. துறையூர் வெயிலுக்குப் பயந்து யாரோ எப்போதோ ஏற்படுத்திய ஏற்பாடு. மலைக்கு வந்தவர்கள் வெயிலை அங்கேயே விட்டுவிட்டு, பயத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்காகத்தான் நான் பூ வைத்துக்கொண்டு போனேன்.

மிஸ் கடைசியாக ஒன்று கேட்டார். மருமகளைத் திரும்ப அழைத்து வருவது யாருடைய பொறுப்பு?

"புருஷன்தாங்க போயி கூட்டிட்டு வரணும். அதான் மொற. ஆவணி ஒண்ணாந்தேதியே போடான்னு சொன்னேன்." சொல்லிவிட்டு அத்தை மகன் பக்கம் திரும்பினார். "போனானா இவன்?"

தான் என்ன சொன்னோம் என்று அத்தைக்கு அப்போதும் தெரியவில்லை. குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். சரவணனை அவருடைய சட்டத்தரணி வெளியே கூட்டிப் போய்ப் பேசினார். திரும்பி வந்ததும், தங்கள் கோரிக்கையை விட்டுவிடுவதாகவும் என் கோரிக்கையை எதிர்க்கப்போவதில்லை என்றும் சொன்னார்கள். நான் கூண்டேறி நடந்ததைச் சொன்னேன். கணவர் கைவிட்டுப் போனார் என்ற காரணத்தில் எனக்கு விவாகரத்து என்று நீதிபதி சொன்னார். அதுவும் உடனே முழுசாகக் கிடைப்பதில்லை. முதலில் கிடைப்பது நைசை என்ற தற்காலிகத் தீர்ப்பு, மூன்று மாதம் போன பிறகுதான் முற்றான தீர்ப்பு. மனம் மாறினால் மாற்றிக்கொள்ள அவகாசம் என்றார் மிஸ். என் மனம் மாறாது என்று அங்கேயே சொன்னேன். "தெரியும். உங்கட மாமிக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ" என்று சிரித்தார்.

நன்றி சொல்ல வாய்ப்பு வேறு மாதிரி வந்தது. பஸ் நிலையத்தில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். மஹய்யாவைக்கும் அதுதான் பஸ். முன் பக்கத்து இருக்கையில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆனால் பக்கத்து இருக்கையிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

"அவரு எங்க அத்தை?"

"கோவத்துல வேன எடுத்துக்கிட்டு கடைக்குப் போயிட்டான். என்னைய விட்டுட்டு."

சொன்ன வார்த்தை அவருக்கே கேட்டிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். பஸ் கிளம்பிய பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒன் மிஸ்ஸு என் வாயக் கிண்டிட்டா."

"நீங்க உண்மையத்தானே சொன்னீங்க."

"உண்மையெல்லாம் எனக்குத் தெரியாது. மொறையச் சொன்னேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னைய அன்னைக்கு உள்ள கூப்ட்டிருக்கலாம்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன், பிடிக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். அத்தை பழக்கத்தில் பணத்தை நீட்டி, "ரெண்டு கட்டுகஸ்தோட்ட" என்றார். நான் வாயெடுப்பதற்குள் மெஷின் இரண்டு டிக்கெட்டையும் துப்பிவிட்டது. அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. மாற்றிக் கேட்கவும் முடியாமல், ஒரு டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மஹய்யாவையில் இறங்கினேன். பஸ் பாலத்துப் பக்கமாகப் போனது. போனை எடுத்து அப்பாவிடம் தீர்ப்பைச் சொன்னேன். அவர், "சரிம்மா, ஜெயிச்சிட்ட. இனியாவது வீட்டுக்கு வந்திரு" என்றார். கையில் கட்டுகஸ்தோட்டை வரைக்குமான டிக்கெட் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"லீவுக்கு வர்றேன்ப்பா."